அலுவலக வெப்மெயிலுக்கு ரிவர்ஸ் ப்ராக்ஸி: அமைக்கும் முறையும் அது சறுக்கும் இடங்களும்

ஓசூர் சிப்காட்டில் லேத்தும் சிஎன்சியும் ஓடும் சிறு பட்டறையாகட்டும், கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஏற்றுமதி செய்யும் ஆலையாகட்டும், தொழிலின் உயிர்நாடி இன்று மெயில்பெட்டியில் இருக்கிறது. பி.ஓ., வரைபடம், கொட்டேஷன், இன்வாய்ஸ், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அதற்குள்தான். பல அலுவலகங்களில் அந்தப் பெட்டியைத் தாங்குவது மூலையில் யுபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு லினக்ஸ் சர்வர்: மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியைக் காக்கும் டவ்காட், மேலே உலாவியில் மெயில் காட்டும் ரவுண்ட்கியூப். விற்பனை ஆள் சேலம் போகிற வழியில் போனில் மெயில் பார்க்க வேண்டும் என்பதற்காக ரூட்டரில் 443ஆம் போர்ட்டை நேராகச் சர்வருக்குத் திருப்பிவிட்டிருப்பார்கள். இதற்கு மாற்றாக எல்லோரும் சொல்லும் மருந்து ரிவர்ஸ் ப்ராக்ஸி. மருந்து சரிதான். ஆனால் அது எந்த நோய்க்கு என்பதைத் தெரிந்துகொள்ளாமல் போட்டால், பாதுகாப்பு வந்துவிட்டதாக ஒரு நினைப்பு வருமே தவிர, பாதுகாப்பு வராது.

வெளியிலிருந்து வரும் உலாவியின் இணைப்பை ப்ராக்ஸி தானே வாங்கிக்கொள்கிறது. டிஎல்எஸ் குறியாக்கத்தை அவிழ்த்து, கோரிக்கையைப் பார்த்து, அனுமதிக்கத் தக்கதை மட்டும் உள்ளே இருக்கும் சர்வருக்குப் புதிய இணைப்பில் அனுப்புகிறது. வெளியாருக்கு உள் சர்வரின் முகவரி தெரியாது. அதன் இயங்குதளமோ பழைய பிஎச்பி பதிப்போ நேராகக் கைக்கு எட்டாது. இவ்வளவும் உண்மையான லாபம். வெப்மெயில் நிரலுக்குள் இருக்கும் ஓட்டையை மட்டும் அது அடைக்காது.

ரவுண்ட்கியூபிலேயே இரண்டு எடுத்துக்காட்டுகள் உண்டு. 2023 அக்டோபரில் வெளியான, சிவிஇ என்ற பொது ஓட்டைப் பட்டியலில் 5631ஆம் எண் கொண்ட பலவீனத்தில், தாக்குபவர் அனுப்பிய மெயிலைத் திறந்து பார்த்தாலே போதும், உள்ளே ஒளித்திருந்த ஸ்கிரிப்ட் ஓடிவிடும். அந்த மெயில், மெயில் சர்வர்கள் தங்களுக்குள் பேசும் எஸ்எம்டிபி வழியாக வந்தது. வெப்மெயில் வாசலில் நிற்கும் ப்ராக்ஸி அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்காது. 2025 ஜூனில் சரிசெய்யப்பட்ட 49113 வேறு வகை. சர்வரிலேயே கட்டளை ஓட்ட வழிவிடும் அபாயமான ஓட்டை, ஆனால் அதைப் பயன்படுத்த முதலில் யாராவது ஒருவருடைய பாஸ்வேர்டில் உள்ளே நுழைய வேண்டும். இந்த இரண்டாவது வகையில்தான் ப்ராக்ஸி உதவும். லாகின் பக்கத்துக்கு முன்னால் இன்னொரு பூட்டு இருந்திருந்தால், 1.6.11 அல்லது 1.5.10 பதிப்புக்கு மாற அவகாசம் கிடைத்திருக்கும். அப்டேட் செய்யும் கடமை எப்படியும் நீங்காது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

வெளியிலிருந்து மெயில் பார்ப்பவர்கள் ஐந்தாறு பேர்தான், எல்லோரிடமும் கம்பெனி போன்தான் என்றால் இந்த ஏற்பாடே வேண்டாம். அந்தப் போன்களில் வயர்கார்ட் ஆப் போட்டு விபிஎன் (குறியாக்கப்பட்ட தனிப் பாதை) மூலம் உள்ளே வரச் செய்துவிடலாம். இணையத்தை நோக்கி லாகின் பக்கமே இல்லாதபோது தாக்கவும் ஒன்றும் இல்லை. சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆளே இல்லாத அலுவலகம் என்றால் மெயிலை முழுவதுமாக ஹோஸ்டிங் சேவைக்கு மாற்றுவதே நல்லது. அப்டேட் போடாத சொந்த சர்வரை எந்த ப்ராக்ஸியும் காப்பாற்றாது. தர்மபுரி கிளை, கிடங்கு, ஆடிட்டர் என்று பலரும் தங்கள் சொந்தக் கணினியிலிருந்து வர வேண்டிய நிலையில்தான் ரிவர்ஸ் ப்ராக்ஸி பொருந்தும்.

எங்கே வைப்பது

வீட்டு, சிறு அலுவலக ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் தனிப் பொது ஐபி கிடைப்பதில்லை. ரூட்டரின் ‘வான்’ (இணையத்தை நோக்கிய) பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் நீங்கள் ஒரே பொது ஐபியைப் பலருக்குப் பகிரும் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள் என்று பொருள். ரூட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து எதுவும் வந்து சேராது. காசு கட்டி ஸ்டேட்டிக் ஐபி வாங்குவது ஒரு வழி. மும்பை, பெங்களூரு அல்லது சென்னையில் சின்ன விபிஎஸ் (டேட்டா சென்டரில் ஓடும் மெய்நிகர் சர்வர்) ஒன்றை வாடகைக்கு எடுத்து ப்ராக்ஸியை அங்கே வைப்பது இன்னொரு வழி. ஐம்பது பேர் வெப்மெயில் பார்க்க 1 ஜிபி நினைவகமும் ஒரு சிபியுவும் தாராளம். இரண்டாவது வழிதான் எங்கள் தேர்வு, ஏனென்றால் அலுவலக ரூட்டரில் ஒரு போர்ட்டைக்கூடத் திறக்க வேண்டியதில்லை.

அலுவலகச் சர்வர் தானாக விபிஎஸ்ஸை அழைத்து வயர்கார்ட் டனல் போட்டுக்கொள்ளும். விபிஎஸ் முனைக்கு 10.8.0.1, அலுவலக முனைக்கு 10.8.0.2 என்று வைத்துக்கொள்வோம். விபிஎஸ்ஸில் திறந்திருக்க வேண்டியவை டிசிபி 80, 443, யுடிபி 51820 ஆகியவையும், உங்கள் முகவரிக்கு மட்டும் அனுமதித்த எஸ்எஸ்எச்சும்தான். அலுவலகப் பக்கத்தில் ‘பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்’ 25 விநாடி கட்டாயம். அது இல்லாவிட்டால் சிறிது நேரம் யாரும் பயன்படுத்தாதபோது ரூட்டரின் நாட் (முகவரி மாற்று) அட்டவணையில் பதிவு அழிந்து, காலையில் முதலில் வருபவருக்கு 504 (உள் சர்வர் நேரத்துக்குள் பதில் தரவில்லை) பிழை காட்டும்.

விபிஎஸ் பக்கத்தின் ‘அலவ்ட் ஐபிஸ்’ வரியில் 10.8.0.2/32 என்று மட்டும் எழுதுங்கள். வசதி கருதி 192.168.1.0/24 என்று அலுவலகம் முழுவதையும் எழுதிவிட்டால், விபிஎஸ் ஒருநாள் தாக்குபவர் கைக்குப் போகும்போது டேலி கணினியும் சிசிடிவி பெட்டியும் சேர்ந்தே போகும். அலுவலகச் சர்வரின் பயர்வாலும் டனல் வழியே 10.8.0.1இலிருந்து வரும் வெப்மெயில் போர்ட் ஒன்றை மட்டும் ஏற்க வேண்டும்.

டனலில் வரும் வினோதமான கோளாறு எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. லாகின் பக்கம் பளிச்சென்று வரும், மெயில் பட்டியலும் வரும், ஆனால் பெரிய இணைப்பைத் திறந்தால் சுற்றிக்கொண்டே நிற்கும். சிறிய பாக்கெட்டுகள் போகின்றன, முழு அளவு பாக்கெட்டுகள் நடுவழியில் விழுகின்றன என்பதுதான் காரணம். வயர்கார்டின் இயல்பான 1420 என்பது கீழே 1500 பைட் பாதை இருக்கிறது என்ற கணக்கில் வந்தது. பிபிபிஓஇ இணைப்பில் அந்தப் பாதை 1492 ஆகிறது. டனல் ஐபிவி6 மேல் ஓடினால் 1412க்கு மேல் வைக்கக் கூடாது. கணக்குப் போட நேரமில்லை என்றால் இரு முனையிலும் 1380 வைத்துப் பாருங்கள், வேகத்தில் வித்தியாசம் தெரியாது.

ஒன்றை மனதில் வைக்க வேண்டும். டிஎல்எஸ் குறியாக்கம் விபிஎஸ்ஸில் அவிழ்கிறது என்றால், ஒவ்வொரு பாஸ்வேர்டும் ஒரு கணம் அந்த இயந்திரத்தின் நினைவகத்தில் வெற்றெழுத்தாக இருக்கிறது. அது உறுத்தினால், ப்ராக்ஸியாக ஓடும் மென்பொருளான என்ஜின்எக்ஸின் ‘ஸ்ட்ரீம்’ பகுதியைக் கொண்டு இணைப்பை அவிழ்க்காமலே அலுவலகத்துக்குத் தள்ளலாம். அப்போது ப்ராக்ஸியால் கோரிக்கையைப் பார்த்து வடிகட்ட முடியாது.

என்ஜின்எக்ஸ் அமைப்பு

வெப்மெயிலுக்குத் தனி சப்டொமைன் கொடுங்கள். கம்பெனி இணையதளத்தின் கீழே ‘ஸ்லாஷ் வெப்மெயில்’ என்று பாதையில் வைத்தால் ‘ப்ராக்ஸி பாஸ்’ வரியின் கடைசியில் ஒரு ஸ்லாஷ் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்துப் பாதை மாறும், குக்கி தவறான இடத்தில் ஒட்டும், படங்கள் பாதி வராது. அந்தத் தலைவலிக்குப் பலன் ஒன்றுமில்லை.

டிஎல்எஸ் 1.2, 1.3 இரண்டு மட்டும் போதும். 1.0ஐயும் 1.1ஐயும் 2021 மார்ச்சிலேயே முறைப்படி ஓய்வு கொடுத்தாகிவிட்டது. பெயர் குறிப்பிடாமல் வெறும் ஐபியைத் தட்டி வருபவர்களுக்காக ஒரு ‘டிஃபால்ட் சர்வர்’ பகுதி எழுதி, அதில் ‘எஸ்எஸ்எல் ரிஜெக்ட் ஹேண்ட்ஷேக்’ ஆன் செய்துவிடுங்கள். என்ஜின்எக்ஸ் 1.19.4 முதல் இது உண்டு. எச்டிடிபிஎஸ்ஸில் மட்டுமே வா என்று உலாவிக்குச் சொல்லும் எச்எஸ்டிஎஸ் ஹெடரை முதல் நாளே ஓராண்டுக்கு, அதாவது 31536000 விநாடிக்கு, வைக்காதீர்கள். 300இல் தொடங்கி, எல்லாம் ஓடுவது உறுதியான பிறகு ஏற்றுங்கள்.

உள் சர்வருக்கு மூன்று ஹெடர்கள் போக வேண்டும்: ‘ஹோஸ்ட்’, ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்’, ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ’. கடைசியானது விட்டுப்போனால், உள்ளே இருக்கும் ரவுண்ட்கியூபுக்குத் தன்னிடம் வருவது வெறும் எச்டிடிபி என்றே தோன்றும். கட்டாய எச்டிடிபிஎஸ் அமைப்பு இருந்தால் உடனே உலாவியைத் திருப்பி அனுப்பும், ப்ராக்ஸி மறுபடி உள்ளே அனுப்பும், முடிவில்லாத சுற்று. ஹெடரை அனுப்பியும் சுற்று நிற்கவில்லையா? ரவுண்ட்கியூபின் ‘ப்ராக்ஸி வொயிட்லிஸ்ட்’ பட்டியலில் 10.8.0.1ஐச் சேர்த்தீர்களா என்று பாருங்கள். அந்தப் பட்டியலில் இல்லாத முகவரியிலிருந்து வரும் இந்த ஹெடர்களை அது மதிப்பதில்லை. மதிக்காமல் இருப்பதுதான் சரியும்கூட.

டனல் இல்லாமல் விபிஎஸ்ஸிலிருந்து அலுவலகத்துக்கு எச்டிடிபிஎஸ்ஸிலேயே போகிறவர்கள் கவனிக்க: என்ஜின்எக்ஸ் உள் சர்வரின் சான்றிதழை இயல்பாகச் சோதிப்பதில்லை. ‘ப்ராக்ஸி எஸ்எஸ்எல் வெரிஃபை’ ஆன் செய்து, நம்பத்தக்க சான்றிதழ்க் கோப்பையும் காட்டினால்தான் நடுவில் நிற்பவரைப் பிடிக்க முடியும்.

யார் வந்தது என்ற கேள்வி

இந்த ஏற்பாடுகள் அதிகம் உடைவது இங்கேதான். ப்ராக்ஸி வைத்த நாள் முதல் உள் சர்வரின் கண்ணுக்கு உலகம் முழுவதும் 10.8.0.1 என்ற ஒரே ஆளாகத் தெரிகிறது. அந்தச் சர்வரில், தவறான லாகின்களை எண்ணி முகவரியைத் தடுக்கும் ஃபெயில்டூபேன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், எங்கோ ஒரு ரோபாட் ஐந்து முறை தவறான பாஸ்வேர்ட் போட்டதும் அது 10.8.0.1ஐத் தடை செய்துவிடும். எல்லோருக்கும் மெயில் நின்றுபோகும். பத்து நிமிடம் கழித்துத் தானே சரியாகும், மறுபடி நிற்கும். இணைப்புச் சேவைதான் மோசம் என்று நாள் முழுக்கப் போனில் புகார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

உண்மையான முகவரியை லாகில் வரவழைப்பது பாதி தீர்வுதான். உள் சர்வரில் என்ஜின்எக்ஸ் இருந்தால் ‘செட் ரியல் ஐபி ஃப்ரம்’ வரியில் 10.8.0.1, அப்பாச்சி என்றால் ‘மாட் ரிமோட்ஐபி’. இதைச் செய்ததும் லாகில் சரியான முகவரி வரும், ஃபெயில்டூபேனும் அதைத் தடை செய்ததாகப் பெருமையாக எழுதும். தாக்குதல் மட்டும் நிற்காது. ஏன்? பாக்கெட்டுகள் உள்ளே வருவது இன்னும் 10.8.0.1 என்ற பெயரில்தான். உள் சர்வரின் பயர்வாலில் அந்த வெளி முகவரியைத் தடுப்பதால் பயனே இல்லை. தவறான லாகின் தெரிவது அலுவலகத்தில், தடுக்க வேண்டியது விபிஎஸ்ஸில். எனவே ரவுண்ட்கியூபின் லாகை லினக்ஸின் பொது லாக் முறையான சிஸ்லாகுக்குத் திருப்பி, ஆர்சிஸ்லாக் மூலம் டனல் வழியே விபிஎஸ்ஸுக்கு அனுப்பி, ஃபெயில்டூபேனை அங்கே ஓட்ட வேண்டும்.

முகவரியைப் போலியாகவும் அனுப்ப முடியும். ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்’ ஹெடரைத் தாக்குபவர் தானே எழுதி அனுப்பலாம். இணையத்தில் சுற்றும் மாதிரி அமைப்புகளில் உள்ள வரி, வந்ததை வைத்துக்கொண்டு கடைசியில் உண்மை முகவரியை ஒட்டுகிறது. முதல் முகவரியைப் படிக்கும் மென்பொருள் ஏமாறும். உங்கள் ப்ராக்ஸிக்கு முன்னால் வேறு ப்ராக்ஸி இல்லையென்றால், வந்த ஹெடரைத் தூக்கி எறிந்துவிட்டு ‘ரிமோட் அட்ரஸ்’ மாறியை மட்டும் அனுப்புங்கள்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் சேரும். மொபைல் டேட்டாவில் வரும் பலர் ஒரே பொது முகவரியைப் பகிர்கிறார்கள். ஒருவர் பாஸ்வேர்ட் மறந்து தட்டியதற்காக ஒரு நாள் தடை போட்டால், அதே நிறுவன சிம் வைத்திருக்கும் உங்கள் ஆட்களும் அடைபடலாம். தடை அரை மணிக்குள் இருக்கட்டும், கிளை அலுவலகத்துக்கு நிலையான முகவரி இருந்தால் விதிவிலக்கில் சேருங்கள். இதற்கு நேர்மாறாக, ஒரே ஆளின் முகவரி வழியில் மாறவும் செய்யும். கிருஷ்ணகிரியில் புறப்பட்டு தொப்பூர் கணவாயைத் தாண்டுவதற்குள் போன் பலமுறை இணைப்பை விட்டுப் பிடிக்கும், ஒவ்வொரு முறையும் வேறு முகவரி வரலாம். ரவுண்ட்கியூபின் ‘ஐபி செக்’ ஆன் ஆகியிருந்தால் எழுதிக்கொண்டிருந்த மெயிலோடு வெளியே தள்ளும். அது இயல்பில் ஆஃப், அப்படியே விடுங்கள்.

லாகின் முயற்சிகளை என்ஜின்எக்ஸிலேயே எண்ணிக் கட்டுப்படுத்த நினைப்பவர்களுக்கு ஒரு சொல். ரவுண்ட்கியூபில் எல்லாக் கோரிக்கையும் ஒரே முகவரிக்குத்தான் போகின்றன, எந்த வேலை என்பது கேள்விக்குறிக்குப் பின்னால் இருக்கிறது. ‘லொகேஷன்’ பகுதி அதைப் பார்ப்பதில்லை. ‘மேப்’ எழுதிப் பிரிக்கலாம், ஆனால் அதை முதல் வடிகட்டியாக மட்டும் நம்புங்கள். மறுக்கும்போது இயல்பாகப் போகும் 503ஐ 429 ஆக மாற்றிவிட்டால், சர்வர் விழுந்ததா, ஆள் தடுக்கப்பட்டாரா என்று லாகில் பிரித்துப் பார்க்கலாம்.

அளவும் நேரமும்

‘பெரிய ஃபைல் போகமாட்டேங்குது’ என்ற புகார் முதல் வாரத்திலேயே வரும். என்ஜின்எக்ஸின் ‘கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்’ இயல்பில் 1 எம்பி, மீறினால் 413. அதை ஏற்றியதும் பிஎச்பியின் 2 எம்பி பதிவேற்ற வரம்பு தடுக்கும், அடுத்து 8 எம்பி போஸ்ட் வரம்பு. அதையும் தாண்டினால் போஸ்ட்ஃபிக்ஸின் 10240000 பைட். மெயிலில் இணைப்பு பேஸ்64 ஆக மாறும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பருக்கும் என்பதால், இந்த வரம்பில் உண்மையில் போவது 7 எம்பி சொச்சம்தான். 25 எம்பி வரைபடம் போக வேண்டும் என்றால் பிஎச்பி பதிவேற்றம் 25, போஸ்ட் 30, என்ஜின்எக்ஸ் 30, போஸ்ட்ஃபிக்ஸ் 36700160 என்று நான்கையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

நேர வரம்பு இன்னும் தந்திரமானது. ‘ப்ராக்ஸி ரீட் டைம்அவுட்’ இயல்பில் 60 விநாடி. அனுப்பும் மெயிலை வைரஸ் சோதனை செய்யும் சர்வரில் பெரிய இணைப்புக்கு அதற்கு மேல் ஆகலாம். உலாவியில் 504 வரும், ஆனால் மெயில் போயிருக்கும். போகவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்துவார்கள், வாங்குபவருக்கு ஒரே கொட்டேஷன் இரண்டு மூன்று முறை போய்ச்சேரும். 300 வைத்தால் இது அடங்கும். ஆக்டிவ்சிங்க் பயன்படுத்தினால் அந்தப் பாதைக்கு மட்டும் 3600. போன்கள் மணிக்கணக்கில் இணைப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் முறை அது. 60 விநாடிக்கு ஒருமுறை அறுத்தால் மெயில் தாமதமாகும், பேட்டரியும் கரையும்.

மற்ற வழிகள் மூடியிருக்கின்றனவா

வெப்மெயிலில் ஓடிபி போட்டுவிட்டு, மெயில் ஆப்கள் பயன்படுத்தும் ஐமேப் 993ஐயும் எஸ்எம்டிபி 587ஐயும் வெறும் பாஸ்வேர்டில் இணையத்துக்குத் திறந்து வைத்திருப்பது பரவலான அபத்தம். ரோபாட்டுகளுக்கு வெப்மெயிலைவிட அவைதான் சுலபம். வெப்மெயில் மட்டும் போதுமென்றால் இரண்டையும் வெளியே மூடுங்கள். போன் ஆப் வேண்டும் என்பவர்களுக்கு நீளமான தனிச் செயலிக் கடவுச்சொல் கொடுங்கள். வெளி சர்வர்களிடமிருந்து மெயில் வரும் 25ஆம் போர்ட் வேறு கதை. சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கும் சர்வருக்கு வரும் மெயில் வெளி கேட்வே வழியாகவே வந்தாக வேண்டும், வெப்மெயில் ப்ராக்ஸிக்கு அதில் வேலையில்லை.

டாக்கரில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பொறி உண்டு. கன்டெய்னரின் போர்ட்டை வெறுமனே 8080 என்று வெளியிட்டால், டாக்கர் ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் பயர்வாலில்) தானே வழி திறந்துவிடும். பயர்வாலை நிர்வகிக்கும் யுஎஃப்டபிள்யு ‘தடுத்திருக்கிறேன்’ என்று சொன்னாலும் திறந்தேதான் இருக்கும். 127.0.0.1:8080 அல்லது 10.8.0.2:8080 என்று முகவரியோடு எழுதுங்கள். ரவுண்ட்கியூபின் ‘இன்ஸ்டாலர்’ அடைவு, போஸ்ட்ஃபிக்ஸ் அட்மின், பிஎச்பிமைஅட்மின் போன்றவை ப்ராக்ஸி வழியே தெரியவே கூடாது.

இரண்டாவது பூட்டாக எங்கள் பரிந்துரை கிளையன்ட் சான்றிதழ். ‘எஸ்எஸ்எல் வெரிஃபை கிளையன்ட்’ ஆன் செய்தால், சான்றிதழ் இல்லாத கருவிக்கு லாகின் பக்கமே தெரியாது. ஒவ்வொரு போனிலும் கோப்பை நிறுவ வேண்டும், போன் மாற்றினால் மறுபடி நிறுவ வேண்டும், தொலைந்தால் ரத்து செய்ய வேண்டும். பத்திருபது பேர் வரை சமாளிக்கலாம். அது கனமாகத் தோன்றினால் பேசிக் ஆத் என்ற பொதுவான முன்பூட்டாவது போடுங்கள், ஆனால் ‘ஆத்தரைசேஷன்’ ஹெடரை வெறுமையாக்கி உள்ளே அனுப்ப மறக்காதீர்கள்.

சான்றிதழ், லாக், சோதனை

லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாள். காலாவதி நினைவூட்டல் மெயில்களை அவர்கள் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள், எனவே கண்காணிப்பு உங்கள் பொறுப்பு. சான்றிதழைப் புதுப்பிக்கும் கருவியான செர்ட்பாட் ஒழுங்காகப் புதுப்பித்தும் பழைய சான்றிதழே உலாவிக்குப் போகிறது என்றால், என்ஜின்எக்ஸ் ரீலோட் ஆகவில்லை. வெப்ரூட் முறையில் ‘டிப்ளாய் ஹூக்’ எழுதி ரீலோட் செய்ய வேண்டும். 80ஆம் போர்ட்டை ‘தேவையில்லை’ என்று மூடினால் எச்டிடிபி சோதனை தோற்று, புதுப்பிப்பே நின்றுவிடும். சான்றிதழ் வாங்கும் ஒவ்வொரு பெயரும் பொதுப் பதிவேட்டில் ஏறுவதால், சப்டொமைனுக்கு விசித்திரமான பெயர் வைத்து ஒளித்துவிடலாம் என்பது நடக்காது. வாங்கிய சற்று நேரத்திலேயே ஸ்கேனர்கள் கதவைத் தட்டும்.

இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்புச் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். டெபியன், உபுன்டுவில் என்ஜின்எக்ஸ் லாக் இயல்பாக 14 நாளோடு அழிந்துவிடும், ‘லாக்ரொட்டேட்’ கோப்பில் எண்ணை மாற்றுங்கள். விபிஎஸ், அலுவலகம் இரண்டின் கடிகாரமும் என்டிபியில் ஒத்திருந்தால்தான் இரண்டு லாகையும் பக்கத்தில் வைத்துப் படிக்க முடியும்.

சோதனையை அலுவலக வைஃபையில் செய்யாதீர்கள், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் செய்யுங்கள். விபிஎஸ்ஸை, திறந்த போர்ட்டுகளைத் தேடும் என்மேப்பால் தட்டினால் மேலே சொன்ன போர்ட்டுகள் தவிர எதுவும் தெரியக் கூடாது. அலுவலகத்தின் பொது முகவரியைத் தட்டினால் ஒன்றுமே தெரியக் கூடாது. வெப்மெயிலில் வேண்டுமென்றே தவறான பாஸ்வேர்ட் போட்டு, லாகில் உங்கள் மொபைல் முகவரி வருகிறதா, வரம்பைத் தாண்டியதும் நீங்கள் மட்டும் அடைபடுகிறீர்களா, அதே நேரம் வேறு இணைப்பில் இருப்பவருக்கு மெயில் திறக்கிறதா என்று பாருங்கள். போலி ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்’ ஹெடரோடு கர்ல் மூலம் ஒரு கோரிக்கை அனுப்பி, அந்தப் போலி முகவரி லாகில் ஏறவில்லை என்பதையும் உறுதி செய்யுங்கள்.

கடைசியாக, கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் தீர்ந்தால் விபிஎஸ் மட்டும் உயிரோடு இருக்கும், வருபவர்களுக்கு 502 அல்லது 504 என்ற மொட்டைப் பக்கம் தெரியும். 502, 504 இரண்டுக்கும் ‘எரர் பேஜ்’ ஒன்றை விபிஎஸ்ஸிலேயே வையுங்கள்: அலுவலக சர்வர் இப்போது இணைப்பில் இல்லை, பாஸ்வேர்டை மாற்ற முயல வேண்டாம், வேறு எந்த லிங்க்கிலும் லாகின் செய்ய வேண்டாம் என்று தமிழில் மூன்று வரி. அதற்கு 503 நிலைக் குறியீடு கொடுங்கள், 200 கொடுத்தால் கண்காணிப்பு மென்பொருள் எல்லாம் நலம் என்று எழுதிக்கொள்ளும்.